ஏழு தட்டில் பிடுங்கிய பாசி

குளிர் அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆபீசில் கேட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளிடம் இப்படிக் கேட்டால், அவள் தன் பெருமையைத்தான் அவிழ்த்து வைப்பாள். எனக்குப் பெருமை கொஞ்சம். குழப்பம்தான் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதில் ஒரு மூட்டையை மட்டும் இங்கே பிரிக்கிறேன். படித்து முடித்ததும் உங்களுக்கும் குழப்பமாக இருந்தால் நான் சரியாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம்.

ஸ்வெட்டரை எப்படிப் போடுவது, கதவை எத்தனை நொடிக்குள் மூடுவது, தண்ணீரை எப்படித் தெளிப்பது என்பதையெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. அதை நான் தொடவில்லை.

என் பெயர் அஞ்சலை. ஊர் நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தில் கரியமாணிக்கம். முப்பது வயது வரை நடவும் களை எடுப்பும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அப்புறம் இங்கே தரை துடைக்க வந்தேன். பத்தாவது வரை படித்திருந்ததால் தட்டு கழுவச் சொன்னார்கள், பிறகு செடிக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள், கடைசியில் உதவியாளர் என்று ஒரு அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். திருபுவனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சுற்றிலும் கம்பெனிகள். நம் கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தில் ‘ஐஸ் ஆபீஸ்’ என்று பெயர். கூட பஸ்ஸில் வரும் கம்பெனிப் பெண்கள், உள்ளே குல்ஃபி செய்கிறீர்களா என்று என்னை ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை, பாசி வளர்க்கிறோம் என்று ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் தூந்திரம் என்று படித்திருப்பீர்கள். வடதுருவத்துக்குப் பக்கத்தில், மரமே முளைக்காத நிலம். வருஷத்தில் பெரும்பாலும் உறைந்து கிடக்கும். கோடை என்று இரண்டு மூன்று மாதம் வந்து போகும். அதற்குள் பாசி பச்சை கட்டி, நடுவில் குட்டிக் குட்டிச் செடிகள் முளைத்து, பூத்து, விதை தள்ளிவிட வேண்டும். பாசி என்றால் குளத்தில் வழுக்கிவிடும் பாசியை நினைக்காதீர்கள். ஐப்பசி மழையில் மதில்மேல் வெல்வெட்டுத் துணி போலப் படருமே, அந்த வகை. அங்கே அது ஒரு சாண் உயரத்துக்கு மெத்தையாகக் கிடக்கும். அந்த மண்ணையும் பாசியையும் விதையையும் உரிய அனுமதி வாங்கிக் கொண்டுவந்து, வெளியே கத்திரி வெயில் கொளுத்தும்போது உள்ளே நாலு டிகிரியில் வைத்து வளர்ப்பதுதான் நம் வேலை. எதற்கு என்று என் மாமியார் சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் அவருக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்திருந்தது.

எங்கள் தலைமை விஞ்ஞானியைப் பெரிய சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் உதவியாளர் ஆன முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, பூச்செடிக்குப் பாசி உறவா பகையா என்று கேட்டார். பகை என்றேன். இல்லை என்றார். சரி, உறவு என்றேன். அதுவும் இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேள்வியை ஒழுங்காகக் கேட்டால் பதிலை ஒழுங்காகச் சொல்லலாமே என்று மனசுக்குள் திட்டினேன். அவர் பிறகு விளக்கினார். பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும், செடிக்கு நல்லது. சூரியனின் சூட்டை மண்ணுக்குள் இறங்க விடாது, வேர் குளிரில் விறைக்கும், கெட்டது. விதை விழுந்தால் மண்ணைத் தொட விடாமல் மேலேயே தாங்கிக்கொள்ளும், கெட்டது. மண் உறையும்போது கீழேயிருந்து ஐஸ் ஊசி ஊசியாகக் கிளம்பிச் சின்னச் செடியை வேரோடு மேலே தள்ளும். பாசி மேலே போர்த்தியிருந்தால் அது நடக்காது, நல்லது. அப்படியானால் கூட்டிக் கழித்தால் எது என்று கேட்டேன். குளிர் எவ்வளவு, செடிக்கு வயசு என்ன, பாசி எவ்வளவு தடிமன் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். மாமியார் மருமகள் விவகாரம் மாதிரி இருக்கிறதே சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்.

இப்போது வாணியின் கதைக்கு வருகிறேன். வாணி காட்டேரிக்குப்பத்துப் பெண். ஆராய்ச்சிப் படிப்புக்காக இங்கே சேர்ந்தவள். அப்பா குத்தகைக்கு நெல்லும் கரும்பும் போடுகிறவர். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள். பெரிய சார் என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் அவள் தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது தட்டு. இருபதில் பாசி, இருபதில் வெறும் மண். ஒவ்வொரு தட்டிலும் பன்னிரண்டு கன்று. அது தூந்திரத்தில் முளைக்கும் ஒரு சின்னப் பூச்செடி. இலை அவரைக்கொட்டை வடிவில் இருக்கும், நம் புளியாரை போலப் புளிக்கும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். இதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். கன்று கொஞ்சம் வளர்ந்ததும் அறைக்குள் பனிக்காலம் வைப்பார்கள். அறுபது நாள் உறைவதும் இளகுவதும் மாறி மாறி நடக்கும். முடிந்ததும் எந்தத் தட்டில் எத்தனை கன்று பிழைத்தது என்று எண்ண வேண்டும். அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு நாளும் தர மாட்டேன், கல்யாணம் பண்ணிக்கொள், இல்லையென்றால் பக்கத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பனிக்காலம் தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வாணிக்கு டெங்கு வந்துவிட்டது. ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டாள். போகும்போது கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். தண்ணீர் தெளிப்பதைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. எனக்குத்தான் அது, வேறு யார் உள்ளே போகிறார்கள்?

நாலாம் நாள் காலை தெளித்துக்கொண்டிருந்தேன். பாசி மேலேறிக் கன்றுகளைக் கழுத்து வரை மூடியிருந்தது. சில கன்றின் நுனி மட்டும்தான் தெரிந்தது. எனக்கு மூச்சு முட்டியது. களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கை இது. என்ன நினைத்தேன், எப்போது தொடங்கினேன் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவில்லை. குனிந்தது நினைவிருக்கிறது. நிமிர்ந்தபோது என் விரல் நகத்தில் மண் இருந்தது. ஐந்தாறு தட்டில் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் இரண்டு விரல் அகலத்துக்குப் பாசி போயிருந்தது. கன்றெல்லாம் தலை தூக்கி நின்றது. அதைப் பார்த்து மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? தலையைத் துவட்டி முடித்த குழந்தையைப் பார்ப்பது போல இருந்தது.

கதவை மூடும்போது அந்தத் தாள் கண்ணில் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அன்றாட நோட்டை எடுத்தேன். ‘தண்ணீர் தெளித்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. முதல் வரியோடு நிறுத்தியிருந்தாலும் போதும். இரண்டாவது வரியை எதற்கு எழுதினேன் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வாணி எழுந்து வந்த அன்று காலையிலேயே பனிக்காலம் ஏற்பாட்டின்படி தொடங்கிவிட்டது. அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது நாற்பது தட்டும் வெள்ளையாக இருந்தது. என்னிடம், எல்லாம் நல்லா இருந்துச்சாக்கா என்று கேட்டாள். நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். சொல்லப்போனால் பொய்யில்லை. அதுதான் அதில் உள்ள அசிங்கம்.

அறுபது நாள் கழித்துப் பனி இளகியது. பாசி பழுப்பேறிச் சுருங்கிப்போயிருந்தது. எதை நான் பிடுங்கினேன், எது தானாகச் சுருங்கியது என்று பார்த்தால் தெரியாது. வாணி எண்ணத் தொடங்கினாள். வெறும் மண் தட்டில் ஏறக்குறைய பாதிக் கன்று செத்திருந்தது. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். பாசித் தட்டில்தான் தலையும் இல்லை வாலும் இல்லை. ஒரு தட்டில் பதினொன்று பிழைத்திருந்தது. அடுத்த தட்டில் பன்னிரண்டும் வேரைக் காட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒன்பது, இன்னொன்றில் ஒன்று. ஒரே பாசி, ஒரே மண், ஒரே குளிர். இரண்டு வாரம் அவள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி எண்ணினாள். தண்ணீர் தெளித்ததில் வித்தியாசமா என்று நோட்டைப் புரட்டினாள். என் கையெழுத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

“எனக்கு இது வராதுக்கா. விதை நட்டதிலயே எங்கயோ கோட்டை விட்டுட்டேன். திங்கக்கிழமை சாருகிட்ட சொல்லிட்டு நின்னுடப் போறேன். அப்பா சொன்ன மாதிரி கம்பெனிக்கே போறேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். தன் கையில்தான் குறை என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். குறை இருந்த கை பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறு பிசைந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் நான் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை வேலையைப் புதுப்பிப்பார்கள். அந்த மாதம்தான் என் விண்ணப்பம் ஆபீசுக்குப் போயிருந்தது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது, கம்பெனிச் சீருடை போட்ட ஒரு பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாணி சாயலே கிடையாது. ஆனாலும் திருபுவனை வரும் வரை அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கம்பெனி வேலையில் ஒரு குறையும் இல்லை. வாணியை அங்கே அனுப்புவது என் விரல் என்பதுதான் குறை.

நேராகப் போய் அவளிடம் சொன்னேன். உன் கையில் தப்பில்லை, நான்தான் பாசியைப் பிடுங்கினேன், ஆறு தட்டு.

வாணி என்னை எப்போதும் வா, போ, நீ என்றுதான் பேசுவாள். எங்கள் பக்கத்தில் அக்கா என்று ஆன பிறகு அப்படித்தான். அன்று எண்ணிக்கைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எந்த ஆறு தட்டுன்னு சொல்றீங்களா?”

அந்த ‘றீங்களா’ என்னைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திட்டியிருக்கலாம்.

ஐந்து தட்டின் எண்ணைச் சொல்லிவிட்டேன். ஆறாவது வரவில்லை. பதினேழா பத்தொன்பதா? கண்ணை மூடிப் பார்த்தேன். ஒற்றைப்படை எண்ணெல்லாம் ஒரே வரிசை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் தட்டு. ஒன்றின் முன் குனிந்தது தெரிகிறது, எது என்று தெரியவில்லை. வாணி தாளைப் பார்த்தாள். நான் சொன்ன ஐந்திலும் ஒன்றிரண்டு தவிர எல்லாம் செத்திருந்தது. பதினேழில் பன்னிரண்டும் செத்திருந்தது. பத்தொன்பதில் ஒன்பது உயிரோடு இருந்தது. பாசியைப் பிடுங்கியது பதினேழு என்றால் அவளுடைய கணக்கு அழகாக நேராகிவிடும். பாசி இருந்தால் பிழைக்கும், பிடுங்கினால் சாகும், அவ்வளவுதான்.

“பதினேழாத்தான் இருக்கும், இல்ல?” என்றாள்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆமாம் என்று ஒரு தலையாட்டு. அவ்வளவுதான் வேண்டும். அவளுக்கு நான் செய்த கெடுதலுக்குப் பரிகாரம் போலவும் இருக்கும். என் தலை பாதி அசைந்தும் விட்டது. பிறகு எனக்கே என்னைப் பார்த்துப் பயமாகிவிட்டது. பயத்தில் ஒரு பொய் எழுதினேன், இப்போது பாசத்தில் இன்னொன்று சொல்லப் போகிறேன். இரண்டும் அதே தட்டைத்தான் கெடுக்கும்.

“தெரியல வாணி. மெய்யாலுமே தெரியல,” என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. நான் எழுந்து குளிர் அறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். தட்டுகளைப் பார்க்கப் பார்க்க வயல்தான் நினைவுக்கு வந்தது. வயலில் களை பிடுங்கினால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைய மாட்டோம். சுருட்டிப் பந்தாக்கிச் சேற்றுக்குள் காலால் அமுக்கிவிட்டு அடுத்த அடி வைப்போம். களைக்குக் களையும் போகும், பயிருக்கு எருவும் ஆகும். அப்படியானால் அன்று பிடுங்கிய பாசி எங்கே? குப்பைக்கூடையில் போட்டதாக நினைவே இல்லை. வாணியைக் கூப்பிட்டேன். அமுக்கியிருந்தால் என் கைப்பழக்கத்துக்கு இடது பக்கம்தான், தட்டின் இடது மூலையைக் கிளறிப் பார் என்றேன்.

முதல் தட்டில் மூலை மண்ணுக்குள் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பாசி உருண்டை இருந்தது. மேலே பச்சையாக நாலு முளைகூட விட்டிருந்தது. பாசிக்கு வேர் வேண்டாம், ஒரு துணுக்கு கிடைத்தால் மறுபடி வளர்ந்துவிடும். இருபது பாசித் தட்டையும் பார்த்தோம். நான் சொன்ன ஐந்திலும் இருந்தது. பதினேழில் இருந்தது. பத்தொன்பதிலும் இருந்தது.

ஏழு. நான் ஆறு என்று சத்தியம் பண்ணியிருப்பேன். என் கை ஏழு செய்துவிட்டு, என் புத்திக்கு ஆறு என்று சொல்லியிருக்கிறது. அதைவிடக் குழப்பம், பத்தொன்பதாம் தட்டில் பாசியைப் பிடுங்கியும் ஒன்பது கன்று ஏன் பிழைத்தது? வாணியும் நானும் அந்தத் தட்டை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கணக்கு நேராகும் என்று பார்த்தால் இன்னொரு முடிச்சு விழுந்திருந்தது.

பெரிய சாரிடம் இரண்டு பேரும் போனோம். அவர் சத்தம் போடவில்லை. ஏழு தட்டையும் தள்ளிவிட வேண்டும் என்றார். மீதியை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, மறுபடி விதைக்க வேண்டும், நாலு மாதம் ஆகும். பிறகு அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். என் பக்கத்தைப் படித்தார். நான் அதைக் கிழித்துவிடட்டுமா சார் என்று கேட்டேன்.

“கிழிக்காதீங்க. கீழே எழுதுங்க. என்ன செஞ்சீங்க, எத்தனை தட்டு, ஏன்.”

“ஏன்னு தெரியல சார்.”

“தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. அதுவும் ஒரு பதிவுதான்.”

எழுதினேன். வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்கும் தைரியம் இல்லை.

நாலு மாதத்துக்கு வாணியின் அப்பாவை யார் சம்மதிக்க வைப்பது? ஞாயிற்றுக்கிழமை நானே காட்டேரிக்குப்பம் போனேன். கரும்புக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. யார் என்று சொல்லிவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, செடியைப் பாசி மூடிக்கிடந்தது, நான் பிடுங்கிவிட்டேன், அதனால் எல்லாம் போய்விட்டது என்றேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“செடிய மூடிக்கினு கெடந்த பாசியத்தானே புடுங்குன? அதுல இன்னாம்மா தப்பு?”

“பனி வந்தப்போ செடி செத்துப்போச்சுங்க.”

“பாசி இல்லாததாலயா?”

“ஆமா. ஆனா ஒரு தட்டுல சாவல.”

“அது ஏன்?”

“தெரியல.”

அவர் கரும்புக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நானாக இருந்தாலும் பிடுங்கித்தான் இருப்பேன் என்றார். பிறகு, அந்த ஒரு தட்டு ஏன் சாகவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் நாலு மாதமா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். சரி, எனக்கும் தெரிஞ்சாகணும், பார்த்துட்டு வரச் சொல்லு என்றார். பெண்ணின் படிப்புக்காக இரங்காத மனுஷன் ஒரு களைக்காக இரங்கினார். திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுபடி விதைத்தோம். அந்த மாதமெல்லாம் வாணி என்னிடம் வேலை விஷயம் மட்டும்தான் பேசினாள். எல்லாம் ‘ங்க’ போட்டுத்தான். தண்ணீர் ஊத்துங்க, கதவை மூடுங்க. செய்த காரியத்துக்கு அது குறைந்த தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

பனிக்காலத்துக்கு எட்டு நாள் முன்னால் என்னை உள்ளே கூப்பிட்டாள். இந்த முறை அறுபது தட்டு வைத்திருந்தாள். இருபதில் வெறும் மண். இருபதில் பாசி. இன்னும் இருபதிலும் பாசி. எந்தத் தட்டு எந்த வகை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்திருந்தாள். கடைசி இருபதில் நான் அன்று செய்தது போலவே பாசியைப் பிடுங்க வேண்டும், சுருட்டி இடது மூலையில் அமுக்க வேண்டும். நான் பிடுங்கினால்தான் அன்றைய மாதிரியே இருக்கும்.

குனிந்தேன். பாசி அன்று போலவே கன்றின் கழுத்து வரை ஏறியிருந்தது. அன்று அதைப் பார்த்தபோது கன்றுக்கு மூச்சு முட்டுவதாகத் தோன்றியது. இன்று போர்வை போர்த்தித் தூங்குவதாகத் தோன்றியது. அதே கன்று, அதே பாசி, பார்க்கிற கண்ணும் அதே. பனி வரப் போகிறது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். விரலை வைத்தேன். இழுக்க வரவில்லை. குளிரால் இருக்கலாம். வாணி என் எதிரே குனிந்து பார்த்தாள்.

“இன்னாக்கா நீ. அன்னிக்குக் கேக்காமலே புடுங்குன. இன்னிக்குக் கேட்டா புடுங்க மாட்டேன்ற?”

இரண்டு மாதம் கழித்து அவள் வாயிலிருந்து ‘நீ’ வந்தது. அந்த நாலு டிகிரியில் என் கண்ணீர் மட்டும் சூடாக இருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு இருபது தட்டையும் பிடுங்கினேன். அவள் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே வந்தாள். அன்று நோட்டில் இருபது என்று எழுதியது இருபதுதான்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். பனிக்குப் பிறகு, பாசியோடு இருந்ததில் பெரும்பாலும் பிழைத்தது. ஆனால் இரண்டு தட்டில் பாசியே கன்றை மூடிக் கொன்றுவிட்டது. பிடுங்கியதில் பெரும்பாலும் செத்தது. ஆனால் இடது மூலைக்குப் பக்கத்தில் இருந்த கன்றுகள் பல தட்டில் தப்பித்திருந்தன. நான் அமுக்கிய உருண்டை மறுபடி வளர்ந்து காப்பாற்றியதா? தட்டின் ஓரம் கொஞ்சம் கதகதப்பா? இல்லை, அந்த இடத்தில் என் கை பட்டு மண் இறுகிப்போனதாலா? வாணி மூன்றையும் எழுதி, எது என்று இந்தச் சோதனையில் தெரியவில்லை என்று முடித்தாள். பட்டம் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் தட்டுக்கு மட்டும் இது பதில் இல்லை. அதில் இடது மூலையில் இருந்த மூன்றுதான் செத்தன, பிழைத்த ஒன்பதும் மூலையை விட்டுத் தள்ளி இருந்தன.

அவளுடைய அப்பா இன்றைக்கும் என்னை எங்கே பார்த்தாலும் அந்த ஒரு தட்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார். போன மாதம் வில்லியனூர்த் தேரில் கூட்டத்துக்கு நடுவே நிறுத்திக் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். படித்தவர்கள் இத்தனை பேர் இருந்துமா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உங்கள் கையும் ஏதோ ஒரு வயலில், ஏதோ ஒரு அடுப்படியில், ஏதோ ஒரு பட்டறையில் பழகிய கைதான். நீங்கள் தூங்கினாலும் அது வேலை செய்யும். அதைத் தடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அது என்ன செய்தது என்று அன்றே எழுதிவிடுங்கள், எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். எழுதும்போது இரண்டாவது வரி எழுத ஆசை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

அந்த நோட்டு குளிர் அறை வாசலில் மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. பச்சை அட்டை. முதல் நாள் உள்ளே போவதற்கு முன் என் பக்கத்தைப் பாருங்கள். மேலே, ‘வேறு ஒன்றும் செய்யவில்லை’ என்று இருக்கும். கீழே, ‘ஏழு தட்டில் பாசி பிடுங்கினேன். ஏன் என்று தெரியவில்லை. பத்தொன்பது ஏன் பிழைத்தது என்றும் தெரியவில்லை. அஞ்சலை’ என்று இருக்கும். அதற்கும் கீழே வேறொரு கையெழுத்து. வாணி பட்டம் வாங்கிக்கொண்டு இங்கிருந்து கிளம்பிய அன்று, பெயருக்கு முன்னால் முதல் தடவையாக முனைவர் என்று போட்டு எழுதிய வரி அது.

‘எனக்கும் தெரியவில்லை.’